விழாமல் நின்ற ஃபுல்பேக்குக்கு

அன்பான ட்ரெமேன் பாட்டாவுக்கு,

எங்கள் நாகர்கோவில் பக்கம் தாத்தாவைப் பாட்டா என்போம் என்று ஒரு காலையில் உங்களிடம் சொன்னேன். வாயில் போட்டு உருட்டிப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, கூப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்றீர்கள். நீங்கள் மட்டும் என்னைக் கடைசிவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டீர்கள். நியூ ஜெர்சியில் எல்லோருக்கும் நான் வெறும் ஸ்டெல்லா. நர்ஸை சிஸ்டர் என்று கூப்பிடும் பழக்கம் எங்கள் ஊருக்கு உங்கள் நாடான இங்கிலாந்திலிருந்து வந்தது என்பதே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் தமிழ்ச் சபையின் ஆண்டு மலருக்கு, மறைந்துபோன ஒருவருக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுதுவார்கள். எனக்கும் அப்பா இல்லை, அவருக்கு எழுத வேண்டியதும் நிறைய இருக்கிறது. ஆனால் பேனாவை எடுத்ததும் உங்கள் முகம்தான் வந்தது. ஏன் தெரியுமா? நான் இப்போது பயந்துபோய் இருக்கிறேன் பாட்டா. எதற்குப் பயம், எப்படிப் பயம் என்று நான் விளக்க வேண்டாத ஒரே ஆள் நீங்கள்தான்.

என் மகள் ஜெனியை உங்களுக்குத் தெரியாது. உங்களைப் பார்த்துக்கொண்ட காலத்தில் அவளுக்கு எட்டு வயது. இப்போது காலேஜில் முதல் வருஷம், ஹாஸ்டலில் இருக்கிறாள். போன மாதம் வார விடுமுறைக்கு வந்தாள். கதவைத் திறந்தால் வலது புருவத்துக்கு மேலே தையல், கண்ணைச் சுற்றி நாவல்பழ நிறத்தில் வீக்கம்.

"ஐயோ மக்ளே! கார் ஆக்ஸிடென்டா? யாராவது அடிச்சாங்களா?"

"ரிலாக்ஸ், மா. இட்ஸ் ஜஸ்ட் ரக்பி."

அவள் அப்பா செல்வராஜ் சோபாவிலிருந்து எழுந்து, "அது என்ன எளவு?" என்றார். கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, ஓடுகிறவரை மற்றவர்கள் மோதித் தள்ளுவது, அமெரிக்க ஃபுட்பால் மாதிரி ஆனால் ஹெல்மெட்டும் கவசமும் கிடையாது என்று அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள். பெண்களுக்கும் டீம் இருக்கிறதாம். மெஸ்ஸில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துச் சேர்ந்தாளாம்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நீ எந்த இடத்துல ஆடுத?"

"ஃபுல்பேக். ஒய்?"

நான் சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நியூ ஜெர்சியில் இருக்கிற தமிழ் அம்மாக்களில் ஃபுல்பேக் என்றால் என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இதைப் படிக்கிறவர்களுக்காக நம் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நர்ஸ் விசாவில் வந்து, மலைப்பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். செல்வராஜ் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். இங்கே என் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவர், வேலை பார்க்க அனுமதி இல்லை. என் வேலை போனால் மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதனால் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். போன் அடித்தால் பயம். சூப்பர்வைசர் சிரித்தாலும் பயம், சிரிக்காவிட்டாலும் பயம். முக்கியமாக, யாராவது விழுந்துவிடுவார்களோ என்று பயம்.

முதியோர் இல்லத்தில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. விழக்கூடியவர்களுக்குக் கையில் மஞ்சள் பட்டை கட்டுவோம், கதவில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவோம். தொண்ணூறு வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் என்ன ஆகும் என்று நர்ஸ்களுக்குத் தெரியும். உங்கள் கையிலும் மஞ்சள் பட்டை. மூக்கு ஒரு பக்கம் வளைந்து, காது ரெண்டும் கசங்கிச் சுருண்டு, கதவு நிறைய நிற்கிற ஆள் நீங்கள். முதல் நாள் உங்கள் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

காபியைத் தள்ளிவிட்டு டீ கேட்டீர்கள். அங்கே டீ கிடையாது. வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவர ஆரம்பித்தேன். அந்த டீயைக் குடிக்கிற காலை நேரங்களில் உங்கள் நினைவு பளிச்சென்று இருக்கும். மத்தியானத்துக்கு மேல் மங்கிவிடும். உங்கள் கதையை நான் காலைகளில்தான் கேட்டேன், துண்டு துண்டாக.

இங்கிலாந்தின் மேற்குக் கோடியில், கடலுக்குப் பக்கத்தில் ஊர். அப்பாவுக்குத் தகரச் சுரங்கத்தில் வேலை. நீங்களும் மீசை முளைக்கும் முன்னே சுரங்கத்தில் இறங்கினீர்கள். அண்ணன் முதல் உலகப் போருக்குப் போனவர் திரும்பவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் வெளிச்சத்தில் ஓடலாம், அதனால்தான் ரக்பி ஆடினேன் என்றீர்கள்.

ஃபுல்பேக் என்பவன் எல்லோருக்கும் பின்னால் தனியாக நிற்பவன். அவனைத் தாண்டினால் கோல் கோடுதான். அந்தக் காலத்தில் எதிரணியின் தடியன்கள் எட்டுப் பேரும் பந்தைக் காலாலேயே தட்டிக்கொண்டு கூட்டமாக வருவார்களாம். அப்போது ஃபுல்பேக்குக்கு ஒரே ஒரு வேலைதான். அந்தப் பூட்ஸ்களுக்கு முன்னால் பாய்ந்து பந்தின் மேல் விழுந்து, அணைத்துக்கொண்டு கிடக்க வேண்டும். உதைகள் முதுகில் விழும், தலையிலும் விழும். பந்தை விடக் கூடாது.

"உங்களுக்குப் பயமே கிடையாதா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வாந்தி எடுப்பேன், சிஸ்டர். ஆனால் விழுவேன்."

அப்படி விழுந்து விழுந்தே உங்களுக்குப் பேர் வந்தது. இருபதுகளில் ஒரு குளிர்காலம், இங்கிலாந்து அணியில் எடுத்தார்கள். சுரங்கத்து ஆட்கள் எல்லோரும் ரயிலடிக்கு வந்து வழியனுப்பினார்கள். உங்கள் அம்மா பயணத்துக்குக் கட்டிக் கொடுத்த பலகாரத்தை ஒரு வாய்கூட உங்களால் சாப்பிட முடியவில்லை. ஆட்டத்தன்று மழை. இரண்டாம் பாதி. எட்டுப் பேர் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவில் யாருமில்லை, நீங்கள் மட்டும்.

"ஓடினேன். இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். முழங்கால் மடங்கவில்லை, சிஸ்டர். நின்றுகொண்டே இருந்தேன். அவர்கள் என்னைச் சுற்றிப் போனார்கள், ஒரு மரத்தைச் சுற்றிப் போகிற மாதிரி."

அப்படி அவர்கள் எடுத்த புள்ளிகளில்தான் இங்கிலாந்து தோற்றது. யாரும் உங்களைத் திட்டவில்லை. யாரும் பேசவும் இல்லை. அப்புறம் அணியில் உங்களைக் கூப்பிடவே இல்லை. கொஞ்ச காலத்தில் சுரங்கத்தை மூடினார்கள். நீங்கள் கப்பலேறி நியூ ஜெர்சிக்கு வந்தீர்கள். இந்த மலையில் அப்போது இரும்புச் சுரங்கங்கள் இருந்தன, உங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இங்கே இருந்தார்கள். கல்யாணம், ஒரு பெண் குழந்தை, வாழ்க்கை முழுக்க மண்ணுக்கு அடியில். ஒரு தடவை கூரை சரிந்தபோது உள்ளே ஓடி ஒரு ஆளை இழுத்துக்கொண்டு வந்தீர்கள்.

"அதுக்குப் பயப்படலையா?" என்று கேட்டேன்.

"அங்கே நேரம் எங்கே இருக்கு? மேலேயிருந்து பொத்தென்று விழும், அவ்வளவுதான். மைதானத்தில் அப்படியில்லை. தூரத்திலிருந்து வருவது தெரியும். வந்துகொண்டே இருக்கும்."

இந்த நாட்டில் என் பயமும் அந்த மாதிரிதான் இருந்தது பாட்டா. வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பிப்ரவரி மத்தியானம் உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்காது. என்னால் மறக்க முடியாது. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தேன். நாற்காலி காலி. பாத்ரூம் காலி. தாழ்வாரத்தின் கடைசியில் பின்கதவு திறந்து கிடந்தது. சலவைத் துணி கொண்டுவந்த ஆள் கதவு மூடாமலிருக்க ஒரு கூடையை முட்டுக் கொடுத்துவிட்டு லாரிக்குப் போயிருந்தான். வெளியே பனியில் காலடித் தடங்கள், ரெண்டு காலையும் இழுத்து இழுத்து வைத்த தடங்கள்.

கோட்டுகூடப் போடாமல் ஓடினேன். தடங்கள் பார்க்கிங்கைத் தாண்டி, பக்கத்து ஹைஸ்கூலின் ஃபுட்பால் மைதானத்துக்குள் போயின. அங்கே கோல் கம்பங்கள் ஆங்கில ஹெச் எழுத்து மாதிரி நிற்கும், உங்கள் ஆட்டத்திலும் அப்படித்தான் என்று நீங்கள் ஜன்னலிலிருந்து காட்டியிருக்கிறீர்கள். அந்தக் கம்பத்துக்கு முன்னால், பைஜாமாவும் ஸ்வெட்டருமாக, ரெண்டு கையையும் கொஞ்சம் விரித்துக்கொண்டு நின்றீர்கள்.

"மிஸ்டர் ட்ரெமேன், உள்ளே போவோம், வாங்க."

"தள்ளிப் போங்க. வர்றாங்க."

"யாரு வர்றாங்க?"

"தெரியலையா? எட்டுப் பேரும்."

நான் திரும்பிப் பார்த்தேன். வெள்ளை மைதானம், ஒரு காக்காய்கூட இல்லை. திரும்பினால் உங்கள் முழங்கால் மடங்க ஆரம்பித்திருந்தது. நாற்காலியிலிருந்து எழவே கைப்பிடியை இறுகப் பிடிக்கிற மனுஷன், பாய்வதற்குத் தயாராகிக்கொண்டிருந்தீர்கள். கையைப் பிடித்தேன். உதறினீர்கள். சுரங்கத்துக் கை அது, நான் ரெண்டடி தள்ளிப் போய் நின்றேன்.

அந்த ஒரு நிமிஷத்தில் என் மனசில் ஓடியதை என்னவென்று சொல்ல? உங்கள் இடுப்பெலும்பு, என் லைசென்ஸ், விசா, ஜெனியின் பள்ளிக்கூடம், ஊருக்குத் திரும்பிப் போய் மாமியார் முன்னால் நிற்பது, எல்லாம் ஒன்றாக வந்தது. கத்தினால் கேட்க ஆளில்லை. தூக்கிப் பிடிக்க எனக்குப் பலமில்லை.

"பாட்டா! பந்து எனக்கு!" என்று தமிழில் கத்திக்கொண்டு, உங்கள் காலுக்கு முன்னால் நானே விழுந்தேன்.

முகம் பனிக்குள் புதைந்தது. ஒன்றுமில்லாததை ரெண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன். யாருக்கும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்த மைதானத்தில் யாரும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் முதுகு உதைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை சனிக்கிழமை இப்படிக் கிடந்திருக்கிறார் இந்த மனுஷன் என்று நினைத்தேன்.

உதை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து உங்கள் குரல் வந்தது, சாதாரணமாக, காலையில் பேசுகிற குரலில்.

"சிஸ்டர், கீழே என்ன பண்றீங்க? சளி பிடிக்கும்."

கை நீட்டினீர்கள். அதைப் பிடித்தால் நீங்கள் சாய்ந்துவிடுவீர்களோ என்று பயந்து, நானாகவே எழுந்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தீர்கள். பார்க்கிங் வந்ததும் கேட்டீர்கள்:

"பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன்" என்றேன்.

தலையாட்டிக்கொண்டீர்கள். உங்கள் கன்னம் ஈரமாக இருந்தது. காற்றினாலா, வேறு எதனாலா, எனக்குத் தெரியாது.

மறுநாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்து வைத்தது நான் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். இல்லத்து மேலாளர் அம்மா, "இனிமேல் மத்தியானங்களில் அவரை நாற்காலியோடு பெல்ட் போட்டுக் கட்டிவிடுவோம். டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்" என்றார்.

சரி மேடம் என்று சொல்லிவிட்டு வரத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "வேண்டாம் மேடம். மத்தியானம் என் பிரேக்கில் நானே அவரை நடக்கக் கூட்டிப் போகிறேன். நடந்தால் அமைதியாகிவிடுவார்."

"அவர் விழுந்தால் அது உன் தலையில்தான் விடியும், ஸ்டெல்லா."

"தெரியும், மேடம்."

வீட்டில் வந்து சொன்னபோது செல்வராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "உனக்குக் கிறுக்கா? யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவனுக்காக நம்ம பிழைப்பையா பணயம் வைக்க?" அவர் கேட்டதில் தப்பில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் உங்களை அந்தத் தாழ்வாரத்தில் நடத்திக் கூட்டிப் போனேன். உங்கள் இடுப்பில் ஒரு பெல்ட், அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நான். நீங்கள் ஒரு அடி வைத்தால் எனக்கு நெஞ்சு ஒரு தடவை நின்று துடிக்கும். சாப்பிடாமலே வேலை முடிப்பேன். ஆனால் உங்களைக் கட்டவில்லை. நீங்கள் விழவும் இல்லை.

பனி உருகி மரங்களில் துளிர் வந்தபோது உங்களுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து நீங்கள் திரும்பவில்லை. அன்றைக்குப் பனியில் நின்றதுதான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். இத்தனை வாரம் கழித்தா, சம்பந்தமே இல்லை என்றார். நர்ஸாக எனக்கும் அது தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

உங்கள் அடக்கத்துக்கு வந்தேன். சர்ச்சில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். அரிசோனாவிலிருந்து உங்கள் மகள் மார்கரெட் வந்திருந்தார், அவருக்கே அறுபது தாண்டியிருக்கும். நீங்கள் என்னிடம் ரக்பி பற்றிப் பேசியதைச் சொன்னேன். அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அப்பா ஒரு தடவை இங்கிலாந்துக்கு ஆடினார் என்று அம்மா ரகசியமாகச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். உங்களிடமா சொன்னார்? என்ன சொன்னார்?"

நீங்கள் விழாமல் நின்றதை நான் சொல்லவில்லை பாட்டா. "ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பயந்தாராம். ஆனாலும் ஆடினாராம்" என்றேன். அதுவும் உண்மைதானே?

இப்போது ஜெனிக்கு வருகிறேன்.

தையலோடு வந்த அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. "பொம்பளப் பிள்ளை மூஞ்சில தழும்போட நின்னா நாளைக்கு எவன் வருவான்?" என்று செல்வராஜ் கத்தினார். அவள் ஆங்கிலத்தில் கத்தினாள். நான் யார் பக்கமும் பேசவில்லை. எனக்குத் தழும்பு ஒரு பெரிய விஷயமில்லை. கழுத்துதான். கழுத்தில் அடிபட்டு வந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரிகளில் பார்த்தவள் நான். கண்ணை மட்டும் அசைக்கிற பிள்ளைகள். அவர்களின் அம்மாக்கள் ஸ்ட்ரா வைத்து ஜூஸ் ஊட்டுவார்கள்.

போன சனிக்கிழமை ஆட்டம் பார்க்க டிரைவ் பண்ணிப் போனோம். செல்வராஜ் வரமாட்டேன் என்றார், அப்புறம் வந்தார், வந்தும் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் மைதானத்து வேலியோரம் நின்றேன். மற்ற பெற்றோர்கள் கத்திக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் இருந்தார்கள். என் பிள்ளை எல்லோருக்கும் பின்னால், கம்பத்துக்கு முன்னால், ரெண்டு கையையும் கொஞ்சம் விரித்துக்கொண்டு நின்றாள். அப்படி நிற்க அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இரண்டாம் பாதியில் எதிரணிப் பெண் ஒருத்தி பந்தை உதைத்தாள். அது ஜெனியின் ஆட்களைத் தாண்டி உருண்டது. பெரிய பெரிய பெண்கள் நாலைந்து பேர் அதைக் காலால் தட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். இந்தப் பக்கம் ஜெனி மட்டும்தான். நீங்கள் சொன்னது போலவே தூரத்திலிருந்து தெரிந்தது, வந்துகொண்டே இருந்தது. விழாதே மக்ளே, நில்லு, மரம் மாதிரி நில்லு, அவளுக போகட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். உங்களுக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் கெஞ்சினேன்.

அவள் முழங்கால் மடங்குவது தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

சத்தம் மட்டும் கேட்டது. ஈர மண்ணில் மூட்டையைப் போட்ட மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கூச்சல். விசில். திறந்து பார்த்தபோது ஒரு குவியலாகப் பெண்கள் கிடந்தார்கள், ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். அடியிலிருந்து கடைசியாக அவள் எழுந்தாள். மூக்கில் சேறு. பந்து கையில். எனக்குப் பக்கத்தில் நின்றவர் தன் மகளே விழுந்து பிடித்த மாதிரிக் கூவினார். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

திரும்பும்போது அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு சாப்பிடக் கூட்டிப் போனோம். வழியில்தான் உங்களைப் பற்றிச் சொன்னேன். சுரங்கம், ரயிலடி, மழை, எட்டுப் பேர், விழாமல் நின்றது, பனியில் நான் விழுந்தது, எல்லாவற்றையும். செல்வராஜுக்கே பாதிக்கு மேல் புதுசு. அவர் ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார். ஜெனி பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தாள்.

"வாஸ் ஹி ஸ்கேர்ட் எவ்ரி டைம்?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும். வாந்தி எடுப்பாராம்."

அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, அபூர்வமாகத் தமிழில், சின்னப் பிள்ளைக் குரலில் சொன்னாள்: "எனக்கும் பயம்தான்மா."

அப்போ விட்டுடேன் மக்ளே என்று என் நாக்கு நுனிவரை வந்தது. செல்வராஜ்தான் முந்திக்கொண்டார். "அந்த நாலாம் நம்பர்காரி விசில் ஊதின பிறகும் உன்னை மிதிச்சா. ரெஃப்ரீ பார்க்கவேயில்லை." காருக்குள் தலையைக் குனிந்து வேதம் வாசித்தவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

எனக்குப் பயம் போகவில்லை பாட்டா. போகும் என்றும் தோன்றவில்லை. அவளை நிறுத்தச் சொல்ல வேண்டுமா, அது ஒரு அம்மாவின் கடமையா, இல்லை என் பயத்தை அவள் காலில் கட்டிவிடுவதா? நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? உங்கள் அம்மா என்ன நினைத்துக்கொண்டு அந்தப் பலகாரத்தைக் கட்டிக் கொடுத்தார்கள்? அவர் ஒரு ஆட்டமாவது பார்த்தாரா? இதையெல்லாம் நான் அந்தக் காலைகளில் கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

என் மகள் எப்படி விழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஊர் பார்த்தது, அவள் அப்பாகூடப் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. வருகிற சனிக்கிழமை மறுபடி ஆட்டம் இருக்கிறது. போவேன். அதே வேலியோரம்தான் நிற்பேன். கை நடுங்கும், நடுங்கட்டும். அவள் விழும்போது இந்தத் தடவை கண்ணை மூட மாட்டேன். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

உங்கள் பேத்தி,
ஸ்டெல்லா